புஷ்பமேரி வீட்டு மேற்குச் சுவர்

ஒரு ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், புஷ்பமேரி அவரைப் போலவே நடந்து காட்டிவிடுவாள். காரிமங்கலம் சந்தையில் கோழி விற்பவர் இடுப்பில் கைவைத்து விலை சொல்வது, கடலை மில் மேஸ்திரி மூக்கால் பேசுவது, உபதேசியார் தும்மலை அடக்கிக்கொண்டு செபம் வாசிப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இண்டூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி சவுரியார் கொட்டாய்க்கு வந்தவள். காரிமங்கலத்திலிருந்து ரெண்டு மைல் உள்ளே தள்ளி, முப்பது வீடும் ஒரு சின்னக் கோயிலும் உள்ள ஊர் அது. சிரிக்க வைக்கிற மருமகள் என்று ஊரே அவளைக் கொண்டாடியது. ஒரே ஒரு ஆள் தவிர.

அந்த ஆள் இன்னாசியம்மாள். புஷ்பமேரியின் புருஷன் ஸ்தனிஸ்லாசுக்கு அண்ணி. மாமனார் மாமியார் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்ட அந்தப் பெரிய வீட்டில் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. ஸ்தனிஸ்லாசின் அண்ணன் சின்னப்பன் வாயைத் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதனால் அந்த வீட்டில் பேச்சு என்றால் இன்னாசியம்மாள் பேச்சுதான்.

இன்னாசியம்மாள் மாலை நேரத்தில் செபமாலை சொல்வதே ஒரு தினுசு. ஒரு கண்ணை மூடியிருப்பாள். இன்னொரு கண்ணால் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்துவிட்டால் அந்த மந்திரத்தை மட்டும் சத்தமாகச் சொல்லுவாள். இதை ஒருநாள் கிணற்றடியில் நாலு பொம்பளைகளுக்கு நடுவில் புஷ்பமேரி அப்படியே செய்து காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றது. ஒரு கண்ணை மூடியபடியே புஷ்பமேரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் குடத்தோடு இன்னாசியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் புஷ்பமேரியும் ஸ்தனிஸ்லாசும் ரெண்டு பிள்ளைகளோடு தனியாக வந்துவிட்டார்கள். பங்குக்கு வந்த மானாவாரிக் காட்டின் ஓரத்தில் மாடு கட்டுகிற கொட்டகை ஒன்று இருந்தது. அதன் வேப்பங்கம்பங்களும் கரும்புச் சோகைக் கூரையும் அப்படியே நிற்க, சுற்றிலும் மண்சுவர் எழுப்பி, தெற்கே ஒரு கதவு வைத்தார்கள். மழைக்கு ஒழுகும். வெயிலுக்கு வேகும். ஆனால் புஷ்பமேரிக்கு அது அரண்மனை. எந்நேரம் வேண்டுமானாலும் சிரிக்கலாம். களியில் எத்தனை உருண்டை யார் தின்றார்கள் என்று எண்ண யாரும் கிடையாது. ஸ்தனிஸ்லாஸ் மில்லிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும், அன்றைக்கு ஊரில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதை ரெண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டுவாள். அவன் கை கழுவ மறந்து உட்கார்ந்து கேட்பான்.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. எண்பத்து நாலோ அஞ்சோ, கார்த்திகை மாதம், வானொலியில் புயல் என்று சொன்னார்கள்.

"கடலு எங்க இருக்குது, நாம எங்க இருக்கோம்" என்றான் ஸ்தனிஸ்லாஸ். "இங்க வந்து சேர்றதுக்குள்ள அதுக்கு காலு வலிச்சிரும்."

"நடந்தா வருது? பறந்துல்ல வருது" என்றாள் புஷ்பமேரி.

வியாழக்கிழமை விடிந்ததும் வந்தது. கடற்கரையில் அடித்ததில் கால் பங்குகூட இருக்காது என்று பிறகு சொன்னார்கள். சவுரியார் கொட்டாய்க்கு அந்தக் கால் பங்கே தாராளமாக இருந்தது. புளியமரங்கள் பேய் பிடித்த பொம்பளைகள் மாதிரி தலையை விரித்து ஆடின. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறைந்தது. புஷ்பமேரி நாலு வயது சகாயராணியைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கைப்பிள்ளை அந்தோணியைப் பெரிய அண்டாவுக்குள் பழைய போர்வை போட்டு உட்கார வைத்தாள். அவன் அண்டாவைத் தட்டித் தட்டித் தாளம் போட்டான். ஸ்தனிஸ்லாஸ் ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த புனிதர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கம்பம் உங்களை புடிச்சிகிட்டு இருக்குதா, நீங்க கம்பத்த புடிச்சிகிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டாள் புஷ்பமேரி. அந்த நேரத்திலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் மேற்குச் சுவர் விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அசதியான மாடு படுக்கிற மாதிரி, மெதுவாக, வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. கூரை கம்பத்தில் நின்றதால் பிழைத்தது. ஆனால் மேற்குப் பக்கம்தான் ரோடு. காற்று ஓய்ந்தபோது, வீட்டுக்குள் இருந்த கட்டில், அடுப்பு, கொடியில் தொங்கிய துணி எல்லாம் நாடகக் கொட்டகை மேடை மாதிரி ஊர் பார்க்கத் தெரிந்தன.

எதிர்வீட்டுக் குள்ளம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னா மேரி, செவுரு வுழுந்திருச்சா?"

"இல்லக்கா. காத்து வரட்டும்னு எடுத்து வெச்சிருக்கோம்."

குள்ளம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு சட்டி கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து, கதவைச் சுற்றி வராமல் நேராக ரோட்டிலிருந்தே நீட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஊரே நடந்து நடந்து கணக்குப் பார்த்தது. யார் வீட்டுக் கூரை பறந்தது, யார் வீட்டு ஆடு போனது, கோயில் மணிக்கூண்டில் எத்தனை ஓடு உடைந்தது. சாயந்திரம் சின்னப்பன் வந்தான். விழுந்த சுவருக்கு அந்தப் பக்கமே நின்றான். அவன் பேசப் போகிறான் என்று தெரிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றுகொண்டான்.

"உங்க அண்ணி சொல்லியனுப்புனா" என்றான் சின்னப்பன். "செவுரு இல்லாத வூட்ல பொம்பளய புள்ளய வெச்சிகிட்டு இருக்கறது மானக்கேடாம். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வண்டி கட்டிகிட்டு வராளாம். சாமானத்த எடுத்து வெச்சிருப்பீங்களாம்."

"நீ என்னாண்ணா சொல்ற?"

"அவ சொல்லியனுப்புனதத்தான் நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னப்பன் போய்விட்டான்.

புஷ்பமேரிக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை திரும்பிப் போனால் போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை கிளம்புகிறோம் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லவே மாட்டான். அவன் நல்லவன். நல்லவனாக இருக்கிறவர்களிடம் ஒரு தொல்லை, யாராவது உரக்கச் சொன்னால் அது நியாயம் என்று நினைத்துவிடுவார்கள்.

"போயிரலாமா மேரி?" என்று கேட்டான்.

"செவுரு நின்னா?"

"நின்னா எதுக்கு கூப்புடப் போறாங்க?"

"அப்ப செவுரு ஞாயித்துக்கெழமை நிக்கணும்" என்றாள்.

மண்சுவர் எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. மண்ணை நனைத்து, மிதித்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒருநாளைக்கு ஒரு வரி மட்டும் வைப்பார்கள். ஒரு வரி என்றால் முழங்கால் உயரம். அது காய்ந்து இறுகிய பிறகுதான் அதன் தலையில் அடுத்த வரி. ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வேண்டுமென்றால் அஞ்சு வரி. வெயில் நன்றாக இருந்தாலே ஒரு வாரம் ஆகும். இது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்தனிஸ்லாசுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரே நாளில் அஞ்சு வரியையும் வைத்தான்.

புஷ்பமேரி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சேறு மிதித்தாள். சகாயராணி அம்மாவோடு மிதித்தாள். மிதித்த நேரத்தைவிட விழுந்து புரண்ட நேரம் அதிகம். மூன்றாவது வரி வைக்கும்போது சுவர் லேசாக வயிறு தள்ளியது. ஸ்தனிஸ்லாஸ் ஒரு பலகையால் அதைத் தட்டி உள்ளே தள்ளினான். "சாப்பாடு முடிச்ச மேஸ்திரி மாதிரி இருக்குது" என்று புஷ்பமேரி சொல்ல, அவன் சிரித்து, பலகை நழுவி, வயிறு மறுபடி வெளியே வந்தது. வானம் முழுக்க மேகம். ஒரு பொட்டு வெயில் இல்லை. பொழுது சாய்கிறபோது அஞ்சாவது வரியும் ஏறிவிட்டது. மேலே சாணம் மெழுகினார்கள். தள்ளி நின்று பார்த்தால் சுவர்தான். கிட்டப் போனால்தான் அது வேர்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

அப்போதுதான் தலையாரி பச்சியப்பன் வந்தார். தாலுகா ஆபீஸ் சேதியை ஊரூராகக் கொண்டு போகிறவர் அவர்.

"ஸ்தனிசு, நாளைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, நம்ம ஆர்.ஐ. சார் வர்றாரு. புயல்ல வுழுந்த வூட்டையெல்லாம் நேர்ல பாத்து பட்டியல் எழுதப் போறாரு. பட்டியல்ல பேரு ஏறுனா வூடு கட்டிக்க ஒத்தாசை வரும், அரிசி, வேட்டி சேலை எல்லாம் வரும். உன் பேரத்தான் மொதல்ல சொல்லி வெச்சிருக்கேன். ரோட்டோரம், மேற்கு செவுரு பூரா போயிருச்சின்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சுவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். "இதென்னா நிக்குது?"

"கட்டிட்டேங்ணா."

"எப்ப?"

"இன்னிக்கு."

பச்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வுழுந்த வூட்டுக்குத்தான்டா பட்டியல். நிக்கற வூட்டுக்கு நான் என்னான்னு சொல்றது? அவரு வர்ற வரைக்கும் யாரும் ஒரு கல்லைக்கூட தொடலடா இந்த ஊர்ல. உனக்கு மட்டும் ஏன் இவ்ளோ சுறுசுறுப்பு?"

அவர் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒத்தாசை வராவிட்டால் இந்தச் சுவர் எத்தனை நாளைக்கு? அடுத்த மழையில் இது போகும். கம்பத்தில் நின்ற கூரையிலும் பாதிச் சோகை காற்றில் பிய்ந்து போயிருந்தது. புதுச் சோகை வாங்கவோ, சுவரை முறையாக எழுப்பக் கூலி ஆள் பிடிக்கவோ மில் கூலியில் முடியாது. ஆக, இன்னாசியம்மாள் வரும்போது சுவர் நிற்க வேண்டும். ஆர்.ஐ. வரும்போது விழுந்து கிடக்க வேண்டும். ரெண்டில் எது தவறினாலும் பெரிய வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பெரிய வூட்டு அக்கா பத்து மணிக்கு வருவாங்க" என்றாள் புஷ்பமேரி. "ஆர்.ஐ. மத்தியானம் வருவாரு. நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்குது. அக்கா தெருவு திரும்புனதும் ஒரு தள்ளு."

"பாவம் மேரி."

"யாரு பாவம்?"

"பாவம்னா பாவம். சர்க்காரை ஏமாத்தறது."

"வியாழக்கெழமை வுழுந்துச்சா இல்லியா?"

"வுழுந்துச்சி."

"அப்ப அது நெசம். நெசத்த அவருக்கு இன்னொரு தடவை செஞ்சி காட்டறோம். நான் ஆளுங்கள செஞ்சி காட்டறேன் இல்ல, அந்த மாதிரி."

ஸ்தனிஸ்லாஸ் சாணம் காய்ந்த தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கட்டுன கையால இடிக்க மாட்டேன். நீயும் இடிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

புஷ்பமேரி சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று புதுச் சுவர்ப் பக்கம் பாயைப் போடாமல் பிள்ளைகளைக் கிழக்குப் பக்கமாகப் படுக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் புஷ்பமேரிக்கு முன்வரிசையில் இன்னாசியம்மாள் முட்டிபோட்டிருந்தாள். ஒரு கண் வழக்கம்போலத் திறந்துதான் இருந்தது. பூசை முடிந்து இவர்கள் நடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்கும், பின்னாலேயே மாட்டுவண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. சின்னப்பன் வண்டியில் நுகத்தடிப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இன்னாசியம்மாள் இறங்கினாள். தலையில் குடம் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி நிமிர்ந்து நடக்கிற நடை அவளுடையது. நாலடி நடந்தவள் அப்படியே நின்றாள்.

"நிக்குதே" என்றாள்.

"நிக்குதுங்கக்கா" என்றாள் புஷ்பமேரி. "வாங்க, உக்காருங்க. அங்க வேணாம், அந்தப் பக்கம் ஈரம். இப்பிடி வாங்க."

இன்னாசியம்மாள் சுவரை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். ஒரு வெடிப்பு கிடைக்காதா என்று தேடினாள். ஈர மண்ணில் வெடிப்பு எங்கிருந்து வரும்? "கோணலா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

"உங்க கொழுந்தன் கட்டுனதுங்கக்கா. அவரு நேராத்தான் கட்டுவாரு. பூமி கோணல்."

வண்டியில் சின்னப்பன் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

இன்னாசியம்மாள் திரும்பிப் போயிருப்பாள். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் போயிருப்பாள். அப்போது ரோட்டில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. ஆர்.ஐ. மத்தியானம் வரவில்லை, பத்தரை மணிக்கே வந்துவிட்டார். கையில் குடை, அக்குளில் பெரிய பதிவேடு. வெள்ளைச் சட்டை. பின்னால் தலையாரி பச்சியப்பன் தூக்குச் சட்டியோடு ஓடி வந்தார்.

"எங்கய்யா வுழுந்த வீடு?"

பச்சியப்பன் ஸ்தனிஸ்லாஸ் பக்கம் கையைக் காட்டினார். ஸ்தனிஸ்லாஸ் முன்னால் வந்து கைகட்டி நின்றான். "இதுதாங்க சார்."

"நிக்குதே."

காலையிலிருந்து எல்லோரும் இதையே சொல்கிறார்கள் என்று புஷ்பமேரிக்குத் தோன்றியது.

"வியாழக்கெழமை வுழுந்துச்சிங்க சார். நேத்து கட்டிட்டேன்."

"நேத்து ஒரு நாள்லயா?"

"ஆமாங்க சார்."

"நேத்து எங்கப்பா கட்டுனாரு, நான் மிதிச்சேன்" என்றாள் சகாயராணி. இன்னும் காதோரம் ஒட்டியிருந்த சேற்றைத் தொட்டுக் காட்டினாள்.

ஆர்.ஐ. பெருமூச்சு விட்டார். அன்றைக்கு அவர் பார்த்த பதினோராவது வீடு அது. "தம்பி, நீ உழைப்பாளி, சந்தோஷம். ஆனா நான் பாத்ததத்தான் எழுத முடியும். நின்னுகிட்டு இருக்கற செவுத்த வுழுந்துச்சின்னு எழுதுனா என் வேலை போயிரும். நல்லா கல்லு மாதிரி கட்டியிருக்கற" என்று சொல்லிக்கொண்டே, பாராட்டுகிற மாதிரி உள்ளங்கையால் சுவரை ரெண்டு தட்டுத் தட்டினார்.

முதல் தட்டில் ஒன்றும் ஆகவில்லை. ரெண்டாவது தட்டில் கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

அவர் கையை இழுத்தார். கையோடு ஒரு கவளம் சேறு வந்தது. அந்த ஓட்டையைச் சுற்றிச் சுவர் மறுபடி வயிறு தள்ளியது. "சார்" என்றார் பச்சியப்பன். அதற்குமேல் சொல்ல நேரம் இல்லாமல் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மூன்றாவது வரி பிதுங்கியது, நாலாவது அதன்மேல் உட்கார்ந்தது, அஞ்சாவது தலைகுப்புற வந்தது. தொப்பென்று ஒரே சத்தம். ஆர்.ஐ. முழங்கால் வரை சேற்றில் நின்றார். பதிவேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். குடை எங்கே போனது என்று தெரியவில்லை.

சகாயராணி கைதட்டினாள். "இன்னொரு தடவை தட்டுங்க."

புஷ்பமேரி ரெண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்து, தான் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறேன் என்று ஸ்தனிஸ்லாசுக்குக் காட்டினாள். சத்தியம் சத்தியம்தான்.

முதலில் சுதாரித்தது இன்னாசியம்மாள். "பாத்தியா? நான் சொன்னனா இல்லியா? ஏங்க, வண்டிய திருப்புங்க" என்று சின்னப்பனிடம் சொல்லிவிட்டு, இப்போது கதவு தேவைப்படாத வீட்டுக்குள் நேராகப் புகுந்தாள். குடங்களைத் தூக்கி வண்டியில் வைத்தாள். கொடித் துணியை உருவினாள். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அம்மிக்கல்லைக்கூட ஒரே கையால் தூக்கியிருப்பாள்.

ஆர்.ஐ. கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். குள்ளம்மாள் ஓடிவந்து சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். கையைக் கழுவிக்கொண்டு, பதிவேட்டைப் பிரித்து, பேனாவை எடுத்தார். கோபம் இருந்தது. ஆனால் நேர்மையான மனிதர். "இப்ப வுழுந்திருச்சி. என் கண்ணால பாத்துட்டேன். எழுதிக்கறேன். பேரு?"

"ஸ்தனிஸ்லாசுங்க சார்."

"ரேஷன் கார்டு கொண்டா."

ஸ்தனிஸ்லாஸ் தலையைச் சொறிந்தான். "என் பேரு எங்க அண்ணன் கார்டுல இருக்குதுங்க சார். இன்னும் பிரிக்கல."

ஆர்.ஐ.யின் பேனா நின்றது. "அப்ப குடும்பம் அங்க. இது வெறும் மாட்டுக் கொட்டாய். மாட்டுக் கொட்டாய்க்கெல்லாம் பட்டியல்ல எடமில்லப்பா. தனியா அடுப்பு வெச்சி குடியிருந்தாத்தான் வீடு." அண்டாவோடு வந்துகொண்டிருந்த இன்னாசியம்மாளைப் பார்த்தார். "ஏம்மா, இவங்க உங்க வூட்டு ஆளுங்களா?"

"எங்க வூட்டு ஆளுங்கதாங்க சார்" என்றாள் இன்னாசியம்மாள் நிமிர்ந்து. "ஒரே குடும்பம். இந்தா, கூட்டிகிட்டு போகத்தான் வண்டி கட்டிகிட்டு வந்திருக்கேன்."

ஆர்.ஐ. பேனா மூடியைத் தேடினார். ஸ்தனிஸ்லாஸ் முகம் செத்துப்போயிற்று. தனக்குத் தனி அடுப்பு இருக்கிறது என்று அவன் சொல்லலாம். ஆனால் அண்ணி சொன்னதைப் பொய் என்று ஊர் நடுவில் சொல்ல அவனுக்கு நாக்கு புரளாது.

புஷ்பமேரி வண்டியில் ஏறிய தன் அண்டாவைப் பார்த்தாள். பேனா மூடியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து, உலகத்திலேயே அடக்கமான பெண்ணின் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா சொல்றது நெசங்க சார். நாங்க தனியாவே இல்லிங்க. ஏழு மாசமா எனக்கு வேளா வேளைக்கு களி கிண்டி போடறதே எங்க அக்காதாங்க."

இன்னாசியம்மாள் அண்டாவை வைத்த கையோடு நின்றாள்.

"நான் தூங்கி எழுந்து வர்றதுக்குள்ள வாசல் கூட்டி, சாணி தெளிச்சி வெச்சிருவாங்க. என் புள்ளைங்களுக்கு பீ மூத்திரம் அள்ளறதுகூட அவங்கதாங்க சார். ஒரு மொணங்கல் கெடையாது."

"என்னாது?" என்றாள் இன்னாசியம்மாள்.

"நேத்துகூட என் பழைய சேலையெல்லாம் எடுத்துகிட்டு போயி தொவச்சி காயப்போட்டு கொண்டாந்தாங்க சார். நான் வேணாங்க்கா, நீங்க பெரியவங்கன்னு சொன்னேன். ஒனக்கு தொவைக்கறதுதான் புஷ்பம் எனக்கு வேலைன்னுட்டாங்க."

குள்ளம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அதைக் கண்டதும் இன்னாசியம்மாளுக்கு உச்சி மண்டையில் ஏறிவிட்டது.

"யாருடி தொவச்சது? நானா? ஒன் சேலைய நானா?" சின்னப்பன் பக்கம், பச்சியப்பன் பக்கம், ஆர்.ஐ. பக்கம் என்று மூன்று பக்கமும் திரும்பினாள். "சார், இவ சொல்றத கேக்காதீங்க. இவ எங்க வூட்ல கை நனைச்சி ஏழு மாசம் ஆச்சி. ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் புதன்கெழமை, கருக்கல்ல, போயிட்டு வரேன்னுகூட சொல்லாம போனவ சார் இவ. எங்க வூட்டு அண்டா ஒண்ணு, கொடம் ரெண்டு, கயித்துக் கட்டிலு ஒண்ணு எல்லாம் பங்கு பிரிச்சி எடுத்துகிட்டு வந்து இங்கதான் அடுப்பு போட்டா. எங்க அடுப்பு வேற, இவ அடுப்பு வேற. ஒரு நாளு ஒரு கரண்டி கொழம்பு இங்கயிருந்து அங்க வந்ததில்ல, அங்கயிருந்து இங்க வந்ததில்ல. நெருப்புகூட கடன் கேட்டதில்ல சார். இவளுக்கு நான் களி கிண்டுனேனாம்."

அவள் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினாள். ஆர்.ஐ. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"தனி அடுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஏழு மாதமாக. சாமான் பங்கு பிரித்து. கூட்டுச் சமையல் இல்லை. நீங்க சொல்றது அத்தனையும் நெசந்தானம்மா?"

"கோயில் மேல சத்தியம் சார்."

"சாட்சி கையெழுத்து போடுவீங்களா? இல்ல கைநாட்டா?"

அப்போது நுகத்தடிப் பக்கமிருந்து சின்னப்பனின் குரல் வந்தது. ஒரே வாரத்தில் ரெண்டாவது தடவையாக அவன் பேசினான். "கையெழுத்தே போடுவா சார். அஞ்சாவது வரைக்கும் கான்வெண்ட்ல படிச்சவ."

இன்னாசியம்மாள் பேனாவை வாங்கி, பதிவேட்டை வண்டிச் சக்கரத்தில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பேரையும் அழகாக எழுதினாள். எழுதிவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதையும் வைத்தாள்.

ஆர்.ஐ. பதிவேட்டை மூடினார். "ஏம்பா ஸ்தனிஸ்லாஸ், சாமானை எதுக்கு வண்டியில ஏத்தியிருக்க? நாளைக்கு தாசில்தார் வந்து பாத்தா இங்க ஆளு இருக்கணும். வூட்ல இல்லன்னா பட்டியல்ல இருந்து அடிச்சிருவாங்க. எறக்கி வையி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பச்சியப்பன் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி, குடையைக் கண்டுபிடித்து, அது குடை என்பதை உறுதி செய்துகொண்டு பின்னாலேயே ஓடினார்.

அதன் பிறகுதான் இன்னாசியம்மாளுக்குக் கணக்கு புரிந்தது. கையிலிருந்த மையைப் பார்த்தாள். புஷ்பமேரியைப் பார்த்தாள்.

"ஏண்டி, ஒன் சேலைய நான் தொவச்சனா?"

"இல்லிங்கக்கா" என்றாள் புஷ்பமேரி, இன்னும் முந்தானையைப் போர்த்தியபடியே. "தொவச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன். வாயில வந்திருச்சி."

இன்னாசியம்மாள் ரொம்ப நேரம் அவளை முறைத்தாள். கடைசியில், "அண்டாவ எறக்கு. நான் ஏத்துனேன், எறக்கறதும் நானேவா?" என்று மட்டும் சொன்னாள். வண்டி கிளம்பித் திருப்பம் போகும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அதே வண்டி, செம்மண் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. யார் அனுப்பியது என்று கேட்டதற்குச் சின்னப்பன் பதில் சொல்லவில்லை. வாரத்துக்கான பேச்சு அவனுக்குத் தீர்ந்து போயிருந்தது.

இந்தத் தடவை ஸ்தனிஸ்லாஸ் அவசரப்படவில்லை. திங்கட்கிழமை மண்ணை ஊறவைத்தான். செவ்வாய்க்கிழமை மில்லுக்குப் போய்விட்டு வந்து, இருக்கிற வெளிச்சத்தில் ஒரே ஒரு வரி வைத்து, கையைக் கழுவிவிட்டான். மேற்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் அதன்மேல் எட்டி, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரம் புஷ்பமேரி தெற்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே விளையாடிவிட்டு வந்த சகாயராணி, முழங்கால் சுவர்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டாள்.

"கால எடு" என்றாள் புஷ்பமேரி. "கதவு எதுக்கு வெச்சிருக்குது? சுத்திகிட்டு வா."

சகாயராணி காலை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி ஓடி, கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? எந்த வூட்டுப் புள்ள?"

வெளியே பிள்ளை யோசித்தது. "இந்த வூட்டுப் புள்ளதான்" என்றது.

புஷ்பமேரி தாழ்ப்பாளைத் தூக்கினாள்.